ஜஸ்பீர் அக்காவின் குரலை எடுக்க மாட்டேன்

ஜஸ்பீர் அக்கா போய்விட்டார். இன்று காலை, உசிலம்பட்டியில். மாரடைப்பு.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எங்கள் மதுரை ஆபீஸில் செய்த பஞ்சாபி கற்றுத்தரும் ஆப்பில், எழுத்தைத் தொட்டதும் ஒரு குரல் வருமே... அது அக்காவுடையது.

லூதியானாவில் பிறந்தவர். ராணுவத்தில் இருந்த உசிலம்பட்டிக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அந்த ஊர்க்காரியாகவே தமிழ் பேசினார்.

ரெக்கார்டிங் ரூமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஜன்னலில் ஜமுக்காளம், ஃபேன் ஆஃப், வேர்த்து ஊற்றும். ஒரு எழுத்துக்கு நடுவே கீழே பஸ் ஹாரன். "மறுபடி எடுக்கலாமாக்கா?" என்றேன்.

"விடு புள்ள. மதுரைல ஹாரன் அடிக்காம இருப்பாய்ங்களா? கேக்குறவுக கேட்டுக்கிரட்டும்."

அப்புறம் அந்த உச்சரிப்பு டெஸ்ட்... நாம் எழுத்தைச் சொன்னால் சரியா தப்பா என்று மெஷின் காட்டும். முதல் நாள் அக்கா சொன்னார். சிவப்பு. மறுபடி சொன்னார். மறுபடியும் சிவப்பு.

"கொஞ்சம் மெஷினுக்கு ஏத்த மாதிரி சொல்லுங்கம்மா" என்றார் ஓனர்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "சார், இது எங்கம்மாகிட்ட கத்துக்கிட்ட பேச்சு. எனக்குத் தப்புப் போட இது யாரு? மொதல்ல அதத் திருத்துங்க. பொறவு வாரேன்."

பஸ் ஏறிப் போயே போய்விட்டார். வேறு வழி? மெஷினைத்தான் திருத்தினோம்.

இன்று மதியம்... இன்னும் உடலை எடுக்கக்கூட இல்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஓனர். இரங்கல் ஒரு வரி. அடுத்த வரி, "மீதிப் பாடத்துக்கு இனி அவங்க இல்ல. எல்லாத்தையும் கம்ப்யூட்டர் வாய்ஸுக்கு மாத்திருவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டு வாசலில், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தே டைப் பண்ணினேன்.

"மீதிப் பாடத்துக்கு வேற பஞ்சாபிக்காரங்களத் தேடுறேன் சார். இருக்குறதுல ஒரு எழுத்தக்கூட எடுக்க மாட்டேன். எடுத்தே ஆகணும்னா, மொதல்ல என்னைய எடுங்க."

நீல டிக் விழுந்துவிட்டது. சார் என் ஃபேஸ்புக் ஃபிரெண்ட் லிஸ்டிலும் இருக்கிறார். இதையும் படிக்கட்டும்.

வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டேன்.

சற்றுமுன் அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த ஆப்ப எம் போன்ல போட்டு விடு ஆத்தா. அவ சத்தத்தக் கேக்கணும்."

போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்...

போயிட்டு வாங்கக்கா. உங்க குரல் மேல யார் கை வைக்கிறாங்கன்னு நான் பாத்துக்கிறேன்.