கலந்து பேசி அனுப்பப்பட்டவன்

எங்கள் ஊரில் ஒருவர் போட்டிருக்கும் சட்டை நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். சாவு வீட்டில் கொடுத்த காபி ஆறிப்போயிருந்தால் அதையும் சொல்வோம். ஆனால் கால்பந்துப் பயிற்சியாளரை மட்டும் நாங்கள் துரத்தியதே கிடையாது. 'நல்லபடியாகக் கலந்து பேசிப் பிரிகிறோம்' என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர்ப் பத்திரிகையில் போடுவோம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரூலோஃப் வேவெர்ஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் மைதானத்தில் ஓடிப் பழகி, பதினேழு வயதில் நகரத்து கிளப்புக்குப் போனான். இடது பக்கத் தடுப்பாட்டம். இரண்டாம் பிரிவைத் தாண்டவில்லை. ஆனாலும் ரேடியோவில் அவன் பெயர் வந்தால் இங்கே எங்கள் கிளப் கான்டீனே எழுந்து நின்று கத்தும். பிறகு முட்டி போயிற்று. கிளப் அவனோடு கலந்து பேசியது. பயிற்சியாளர் பரீட்சையில் தேறி ஊர் ஊராகப் போனான். எல்லா ஊரிலும் கலந்து பேசினார்கள். மனைவி யான்டினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, "இவளும் நல்லபடியா கலந்து பேசிட்டா, ட்ரைன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் சொந்த ஊர் கிளப்புக்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்தான். கான்டீனில் குரோக்கெட் என்கிற கறி உருண்டை பொரிப்பது நான்தான். பயிற்சி முடிந்ததும் என் எதிரே வந்து உட்காருவான்.

"இங்கயும் வேணாம்னுட்டா நான் எங்க போவேன்?"

"வாயக் கழுவு. முதல்ல சாப்பிடு" என்பேன்.

வீட்டில் பேச்சுக்கு ஓர் ஆள் கிடையாது. செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அவனுக்கு மிச்சமிருந்த வாழ்க்கை அவ்வளவுதான்.

அந்த வருடம் தொட்டதெல்லாம் தோல்வி. வேலியோரம் நிற்கும் பெருசுகள் சும்மா இருப்பார்களா? "ரூலோஃப், கோல்போஸ்ட்ட நகர்த்தி வையேன், அப்பவாவது பந்து உள்ள போகுதா பாப்போம்!" என்று கத்துவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஏழு கோல் போட்டுவிட்டுப் போன வாரம், கிளப் தலைவர் ஏவெர்ட் எல்லோரையும் கான்டீனுக்குக் கூப்பிட்டான். சின்ன வயதில் ரூலோஃபோடு ஒரே அணியில் ஆடியவன் அவன்.

"உன் நல்லதுக்குத்தான்டா. நல்லபடியா கலந்து பேசிப் பிரியறோம்னு போட்டுடலாம்."

"எப்படா கலந்து பேசினோம்?"

"இப்ப பேசிக்கிட்டுதானே இருக்கோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரூலோஃப் எழுந்தான்.

"என் ஆயுசு பூரா கலந்து பேசிட்டாங்க. ஒரு தடவகூட நான் சரின்னு சொன்னதில்ல. யாராவது ஒருத்தர் என் முகத்தப் பாத்து 'நீ வேணாம்'னு சொல்லுங்க. போயிடறேன்."

வாய் கிழியப் பேசுகிற ஊர் தரையைப் பார்த்தது. ஏவெர்ட் பியர் நுரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அணித் தலைவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூலோஃப் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். தலை நரைத்த மனிதன், தன்னைத் துரத்தச் சொல்லிப் பிச்சை கேட்டுக்கொண்டு நிற்கிறான். கடைசியில் என்னிடம் வந்தான்.

"நீ வேணாம், ரூலோஃப்" என்றேன்.

"நன்றி, ட்ரைன்" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

வழக்கப்படி சீசன் முடியும் மே மாதம் வரை பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவன் மறுநாளிலிருந்தே வரவில்லை. வீட்டை விற்றுவிட்டு எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் கலந்து பேசியதாகத்தான் வந்தது. அன்று அந்தக் கான்டீனில் அவன் இருக்க வேண்டும் என்று நினைத்தது நான் ஒருத்திதான்.