சவா கேட்டுவிட்டு நிற்காதவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை முதலியார்பேட்டைக்குப் போனேன். கையில் கலியபெருமாளுக்குப் பிடித்த நீள ரொட்டி. ஒன்பது வருஷமாக ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரன் அவன். மூன்று வாரமாக ஆளைக் காணோம்.

கதவைத் திறந்த அவன் மனைவி தனலட்சுமி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சொவத்தப் பாத்துப் படுத்தவரு எழுந்திரிக்கவே மாட்டேங்குறாரு அண்ணே. குளிக்கறதில்ல, பேச்சில்ல. அழுதாகூட தேவலாம்... டாக்டரு இது வியாதின்றாரு. எங்க மாமியாரு திமிருன்றாங்க."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். எழுந்து குளி, கடற்கரைக்கு வா, நாலு பேரைப் பார்த்தால் சரியாகிவிடும், உனக்கென்ன குறைச்சல் — அரை மணி நேரம்! அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேய்யா."

"என்னிக்கு?"

"நீ சவா கேட்டப்ப. இல்லன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க."

அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஐந்து வருஷமாகிறது. கொடி மாறிவிட்டது. காலையில் கைகுலுக்கும் வழக்கம் மட்டும் எங்கள் ஆபீசை விட்டுப் போகவில்லை. உள்ளே நுழைகிறவர் மேசை மேசையாகப் போய்க் கைகொடுக்க வேண்டும். "சவா?" — சௌக்கியமா? பதிலும் "சவா"தான். வேறு பதில் உண்டா என்ன? அது வருவதற்குள் கை அடுத்த ஆளிடம் போயிருக்கும்.

அன்று அவன் என் கையை விடாமல், "சவா இல்லய்யா" என்றான். "ராத்திரி ஊத்தினது இன்னும் எறங்கலியா?" என்று ஒருவர் கேட்க, ஆபீசே சிரித்தது. நானும்தான். அவனும் சிரித்து வைத்தான். அடுத்த மேசைக்காரர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்... நான் என் கையை உருவிக்கொண்டேன்.

காய்ச்சல்காரனிடம் 'உனக்கென்ன குறைச்சல்' என்று யாராவது கேட்போமா? கஞ்சி வைத்துக் கொடுப்போம். மனசு படுத்துவிட்டால் மட்டும் புத்தி சொல்லக் கிளம்பிவிடுகிறோம். கஞ்சி வைக்க அடுப்பு மூட்ட வேண்டும், புத்திக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை!

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அவன் திருப்பிப் பிடிக்கவில்லை. ரொட்டி அப்படியே காய்ந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்" என்றேன்.

தேறுவானா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். கலியபெருமாள் மேசையில் யாரோ பழைய பைல்களை அடுக்கிவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் கைகொடுத்து "சவா?" என்றார்கள். பன்னிரண்டு பேரிடமும் "சவா" என்றேன்.

வேறு என்ன சொல்ல... ஒருவர்கூட நிற்கவில்லையே!