திருப்பி வாங்கிய பட்டு

வங்கி அதிகாரியின் முதல் கேள்வியிலேயே நான் தோற்றுப்போனேன்.

"ஸ்டாக் எவ்வளவு மேடம் காட்டுவீங்க?"

"அறுபது புடவை வரும் சார். எல்லாம் பட்டு."

"உங்க புடவையா?"

"இல்ல சார். கட்டினவங்க கொண்டு வந்து வைப்பாங்க. வித்தா எனக்கு ஒரு பங்கு. விக்கலன்னா அவங்களே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அவர் பேனாவை மூடினார். "அப்ப உங்களுதுன்னு கடையில என்னதான் இருக்கும்?"

"ஹேங்கர் இருக்கும் சார்."

சிரித்தார். நானும் சிரித்தேன். எதிர்வெயிலில் தஞ்சாவூர் வீதி முழுவதையும் நடந்து கடந்தபோது அந்தச் சிரிப்பு வாயில் கசந்துகொண்டே வந்தது. பதினெட்டு வருடம் தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது என் நாற்காலியில் வேறொருத்தி, பாதிச் சம்பளத்துக்கு. என் கணவர் வீட்டில் சொன்ன ஒரே வாக்கியம், "ஊரான் துணியத் தொங்கவிட்டுப் பொழைக்கணும்னு தலையெழுத்தா?" தலையெழுத்தில்லை. பீரோக்களைப் பார்த்த கண். இந்த நெல் பூமியில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் இரண்டு முறை கட்டி மடித்த பட்டு அடுக்கடுக்காகத் தூங்கும். இடுப்பு பெருத்துவிட்டது, நிறம் பிடிக்கவில்லை, புருஷன் போய்விட்டான். அதே பேருந்துத் தடத்தில் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க முடியாமல் ஜவுளிக்கடை வாசலோடு திரும்புகிற பெண்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அறை போதும் என்று நினைத்தேன்.

அந்த அறைக்கு முன்பணம் கொடுத்தது என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. தாய்வீட்டுப் பங்காக வந்த பணம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை; வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில். "நீ தமிழ் டீச்சர், உனக்குக் கணக்கு வராது. எம்பேர்லயே இருக்கட்டும்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்று அது அன்பாகத்தான் கேட்டது.

புடவை கொண்டுவந்த பெண்கள் எல்லோரும் விலையைப் பேசும் முன் ஒரே நிபந்தனையைச் சொன்னார்கள். எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் குடுத்துடாதீங்க. பாபநாசத்துப் பட்டு பாபநாசத்துக்குப் போகக் கூடாது. கூத்தாநல்லூர்க்காரி வைத்ததைக் கூத்தாநல்லூரில் எவளும் கட்டி நிற்கக் கூடாது. விற்பதில் வெட்கமில்லை, விற்றது தெரிவதில்தான் வெட்கம். ஒவ்வொரு புடவைக்கும் அது போகக்கூடாத ஊரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். வாங்க வருகிறவர்களிடம் எந்த ஊரு என்று கேட்டுவிட்டுத்தான் புடவையை விரிப்பேன். யாரும் தவறாக நினைக்கவில்லை. நம் பக்கத்தில் ஊர் கேட்பது மரியாதை.

ஓரகத்தியும் ஒரு புடவை வைத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை, முந்தானையில் அன்ன வரிசை. வருடா வருடம் ஈஸ்டர் பூசைக்கும் தேர்த் திருவிழாவுக்கும் அவள் கட்டியது. மகன் கல்யாணத்துக்குப் புதுப்பட்டு எடுக்கப் போகிறாள், இது எதற்கு என்றாள். நோட்டில் அவள் ஊரை, என் புகுந்த ஊரும் அதுதான், எழுதினேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டிப் போகிற பேருந்தில், ஆற்றங்கரையில் இறங்க வேண்டிய ஊர்.

அதை ஒரு பெண் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். விரல்களில் ஸ்பிரிட் வாசனை. எந்த ஊரும்மா என்றேன். "தஞ்சாவூர்தான் மேடம்." மற்றவர்கள் புடவையின் உடலைப் பார்ப்பார்கள், கரையைத் தடவுவார்கள். இவள் நேராக முந்தானையைப் பிரித்து அன்னங்களைப் பார்த்தாள். பேரம் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஓரகத்தி படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரவில்லை.

"எம்புடவைய யாருக்குடி வித்த?"

"தஞ்சாவூர்ப் பொண்ணுக்கா. ஆஸ்பத்திரியில வேலை."

"தஞ்சாவூராம். நேத்து கோயில்ல அவளுக்கு மொத ஓலை வாசிச்சாச்சு. நம்ம களத்துல நெல்லு தூத்தினாளே, அவ மக. ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கா. தையக்காரி பாத்துட்டு எனக்குப் போன் பண்றா, உங்க அன்னம் வாய்க்காலத் தாண்டிப் பறந்துடுச்சேன்னு."

கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று முடியும். இந்தத் தடையைச் சாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்கள்.

"புடவைதானேக்கா. பணம் குடுத்து வாங்கியிருக்கு அந்தப் பொண்ணு. இப்ப அது அவளோடது."

"ஊரே பாக்க நான் முழங்கால்ல நிப்பேன், எம்புடவை எனக்கு முன்னால பீடத்துக்கு நடந்து போவுமா? அதுவும் அவ இடுப்புல?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு, இந்தப் பக்கம் எங்களுடையது. ஒரே கோயில். ஒரே ஞானஸ்நானத் தொட்டி. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் மட்டும் ஒரு சுவர். அந்தச் சுவரின் இந்தப் பக்கத்து மருமகள் நான். அதை ஒருநாளும் தட்டிக்கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அவள் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்: "மூணாவது ஓலைக்குள்ள புடவை வரணும். இல்லன்னா நான் கட்டடக்காரர்ட்ட பேசி, குடுத்த காச வாங்கிக்கிறேன். அப்புறம் நீ உன் ஹேங்கர எங்க வேணா மாட்டிக்க."

சனிக்கிழமை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடவு முடிந்து பத்து நாள் ஆன வயல்கள், வேர் பிடித்து நிமிரும் பச்சை, தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. நியாயம் சேகரித்துக்கொண்டிருந்தேன். கடை போனால் அறுபது பெண்களின் புடவை என்னாகும். என் மகளின் கல்லூரி என்னாகும். அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்லதாக ஒன்று பாதி விலைக்குக் கொடுத்தால் போயிற்று. வாய்க்கால் பாலத்தில் இறங்கும்போது என்னிடம் நியாயம் மடி நிறைய இருந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். "வாங்கம்மா. பெரிய வீட்டுச் சின்ன மருமகதானே? கார்டு இன்னும் அச்சடிச்சு வரல. வந்தா மொதக் கார்டு உங்களுக்குத்தான்." வாழ்த்த வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். காபி வந்தது. "மாப்பிள்ளைக்கு மணப்பாறைப் பக்கம், வறண்ட ஊரு. இங்க வந்து வாய்க்காத் தண்ணியப் பாத்துட்டு, இதுக்கு பில்லு யாரு கட்றதுங்குறாரு," என்று சிரித்தார். காபியைப் பாதி குடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்ற விதத்தை எழுத வரவில்லை. மகளைப் பார்த்துத் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல, வேணாம்னு."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "அவங்க புடவைன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். சின்ன வயசுலேர்ந்து அவங்க முன் வரிசையில, நாங்க பின்னால. அந்த முந்தானையப் பாத்துட்டேதான் முழுப் பூசையும் கண்டிருக்கேன். பதினோரு அன்னம். ஒண்ணுக்கு மூக்கு கிடையாது."

"அப்புறம் ஏன் தஞ்சாவூருன்னு சொன்ன?"

"ஊரு கேட்டீங்க. ஹாஸ்டல் இருக்கிற ஊரச் சொன்னேன். எங்க ஊரச் சொன்னா அடுத்து எந்தத் தெருன்னு கேப்பீங்கல்ல."

கேட்டிருப்பேன்.

வேறு பட்டு தருகிறேன் என்றேன், விலை குறைத்து. அதை அவள் காதில் வாங்கவே இல்லை. உள்ளே போய், தைத்த ஜாக்கெட்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் புடவையை மட்டும் கொண்டுவந்தாள். மடிப்பு கலையவில்லை. "அம்மா பயப்படுறாங்கன்னு தரல மேடம். இனிமே இதக் கட்டினா உங்க முகம்தான் ஞாபகம் வரும். கல்யாணத்தன்னிக்கு அது வேணாம்."

பணத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு பில்லை நீட்டினாள். "திருப்பி எடுத்துக்கிட்டதா எழுதிக் குடுங்க. கீழ காரணம்னு ஒரு கோடு இருக்கு பாருங்க. அதையும் எழுதுங்க."

அந்தக் கோட்டை அச்சகத்தில் போடச் சொன்னவள் நானே. சுருக்கமும் நேர்த்தியும் வேண்டும் என்று என் மாணவர்களை வருடக்கணக்கில் விரட்டியவள், பேனாவைப் பிடித்தபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு ஆடு கத்தியது. எழுதினேன்: அளவு பொருந்தவில்லை.

அவள் வாசித்தாள். ஐந்தரை மீட்டர் துணிக்கு என்ன அளவு என்று கேட்கவில்லை. பில்லை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து, பாதி இருந்த காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஓரகத்தி புடவையைத் தொட்டுப் பார்க்கவில்லை. "அங்க இருந்துட்டு வந்தது. எங்கயாவது தூரத்துக்கு வித்துடு," என்றாள். பிறகு, சமாதானமாக, "பாத்தியா, கேட்டா குடுத்துடுவாங்க," என்றாள். அடுத்த மாதமே கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு விற்றேன். அவள் பங்கை வாங்கிக்கொண்டாள். என் பங்கை நானும் எடுத்துக்கொண்டேன்.

கார்டு வரவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் ஓரகத்தி போன் செய்தாள். கூட்டம் நல்ல கூட்டமாம், பிரியாணியில்தான் உப்பு கம்மியாம். பெண் ஏதோ மாம்பழ நிறத்தில் கட்டியிருந்தாளாம், எடுப்பாகவே இல்லையாம்.

"நீயும் வந்திருக்கலாம்ல, ஒரு எட்டு," என்றாள்.

"கடைய விட்டுட்டு எப்படிக்கா வர்றது," என்றேன்.

அது பொய்யில்லை. கடை இருந்தது.