சீரில் வந்த எட்டு டிரான்சிஸ்டர்

பிள்ளையார்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காசிநாதனுக்கு இருந்த நல்ல பெயர், ரேடியோவைப் பாட வைத்ததால் வந்ததல்ல. பாட வைப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் ராஜ வீதியிலேயே இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் பெட்டியைக் கொடுத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ரிப்பேர்காரன் உள்ளே இருக்கும் ஒரிஜினல் வால்வைக் கழற்றிக்கொண்டு வேறொன்றைச் செருகிவிடுவான் என்பது அந்தக் காலத்தில் ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். தன் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது திருடு போய்விட்டது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

காசிநாதன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெட்டிக்குச் சொந்தக்காரரை எதிரில் உட்கார வைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி உரக்க எண்ணுவார். எண்ணியது ஒரு சீட்டில் ஏறும். சீட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டப்படும். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது என்பதால் எழுதுகிற வேலை மகள் தேவகிக்கு. ஆறு வருஷம் எழுதினாள். ஊரில் பாதி ரேடியோக்களின் வயிற்றில் அவளுடைய அச்சு எழுத்துதான் இருந்தது. திறக்காமலே விலை மதிக்கச் சொல்லி யாராவது வந்தால், "தொறக்காத பொட்டிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்பா" என்று அனுப்பிவிடுவார். அந்தப் பேச்சு ஊரில் பிரசித்தம்.

எழுபத்திரண்டில் தேவகிக்கு ஓரிக்கையில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை அர்ஜுனன் லாரி ஆபீசில் எழுத்தர், சாது. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா லோகாம்பாள் பேசினாள். நகையும் பாத்திரமும் படிந்த பிறகு, ரேடியோக்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே என்று ஒரு ரேடியோவும் கேட்டாள். எட்டு டிரான்சிஸ்டர் இருக்க வேண்டும், சீல் பிரிக்காததாக இருக்க வேண்டும். அப்போதெல்லாம் டிரான்சிஸ்டரைப் பவுன் மாதிரி எண்ணிப் பேசினார்கள். ஆறு என்றால் மரியாதை. எட்டு என்றால் நாற்காலி எடுத்துப் போடுகிற மரியாதை. சீல் பிரிக்கக் கூடாது என்றதற்கும் காரணம் இருந்தது. மெக்கானிக் வீட்டில் பழைய சாமானைக் கோத்துப் புதுசு என்று தள்ளிவிட்டால்?

காசிநாதன் சென்னைக்குப் போய், கப்பலில் வந்த சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கிவந்தார். முகப்பில் தங்க எழுத்தில் எட்டு. மூடியின் விளிம்பில் காகித முத்திரை. கல்யாணம் வரை பெட்டி வீட்டில் இருந்த நாட்களில் இரண்டு முறை திருப்புளியை எடுத்தார். பிரித்தால் பழசு என்பார்கள் என்று மனைவி சம்பூர்ணம் இரண்டு முறையும் அதை வாங்கி வைத்தாள். தன் ஆயுளில் திறந்து பார்க்காமல் அவர் கொடுத்த ஒரே ரேடியோ, பெற்ற மகளுக்குக் கொடுத்தது.

பத்து மாதம் நன்றாகப் பாடி, அது ஊமையாயிற்று. லோகாம்பாள் ரேடியோவையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தேவகிக்கு ஐந்து மாதம். தறியிலிருந்து எழுந்து வந்த இரண்டு பேர் தங்கள் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். தேவகி யாரும் சொல்லாமலே பழைய இடத்தில் உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்துத் தேதி போட்டாள். தெரிந்த பெட்டிதானே என்று 'டிரான்சிஸ்டர் எட்டு' என்றும் எழுதிவிட்டாள்.

காசிநாதன் முத்திரையைக் கிழித்தார். பேட்டரி கசிந்து ஒரு கம்பியை அரித்திருந்தது. ஐந்து நிமிஷ வேலை. ரேடியோ பாடியது. அதோடு மூடியிருக்கலாம். வழக்கம் விடவில்லை, எண்ண ஆரம்பித்தார். ஐந்து வரை உரக்க வந்த குரல் ஆறில் நின்றது. ஆறாவதின் மூன்று கால்களும் ஒரே ஈயப் பொட்டில் முடிந்தன. அதற்கு எங்கிருந்தும் எதுவும் வரவில்லை, அதிலிருந்து எங்கும் எதுவும் போகவில்லை. ஏழும் எட்டும் அப்படியே. பாட்டுக்கு ஐந்து, பெயருக்கு மூன்று.

அந்தக் கடையில் இது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"இன்னா சம்பந்தி, பாதியில நின்னுட்டீங்க?" என்றாள் லோகாம்பாள்.

"அஞ்சுதான் வேல செய்யுது. மூணு சும்மா வெச்சிருக்கறான்."

தேவகி தலை நிமிரவில்லை. "எட்டுன்னு எழுதிட்டேன் நைனா."

"அடிச்சிட்டு அஞ்சுன்னு எழுதும்மா."

அடித்து எழுதினாள்.

லோகாம்பாள் சத்தம் போடவில்லை. "ஊரான் பொட்டியெல்லாம் தொறந்து பாக்கறவரு, பொண்ணுக்குக் குடுக்கறத மட்டும் பாக்காமலா குடுத்தாரு?" என்று காத்திருந்த இருவரிடம் கேட்டாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவருடைய நேர்மைக்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. அன்றைக்கு அதுவே அவருக்கு எதிர்ச் சாட்சி. கிழிந்த முத்திரையைக் காட்டினார். முத்திரை ஒட்டுவது என்ன பெரிய வித்தையா என்றாள் லோகாம்பாள். பிரிக்கக் கூடாது என்று கேட்டதே அவள்தான் என்பது அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை, அவருக்கும்கூட. பாட்டுக்கு ஐந்தே போதும் என்று உள்ளதைச் சொன்னார். நம் வீட்டுக்கு இவ்வளவு போதும் என்று அவரே முடிவு செய்துவிட்டார் பாருங்கள் என்று அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

ரேடியோவைக் கடையிலேயே விட்டுவிட்டு மருமகளைக் கிளப்பினாள். படியில் தேவகி ஒரு நிமிஷம் பின்தங்கினாள்.

"ஊருக்கெல்லாம் உள்ளத சொன்ன, நைனா. எனக்கு ஒரே ஒரு எட்டு சொல்லக்கூடாதா?"

அவர் திறந்து பார்க்கவில்லை என்பதை அவளாவது நம்பினாளா என்று காசிநாதன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதையும் திறந்து பார்த்துவிடுகிற மனிதர், அதை மட்டும் மூடியே வைத்துக்கொண்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எந்தச் சண்டையும் தாண்டாத வழக்கம். அதையும் லோகாம்பாள் தாண்டினாள். எட்டு டிரான்சிஸ்டர் வரட்டும், பெண் வருவாள் என்று சொல்லி அனுப்பினாள். காசிநாதன் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு வேலை செய்யக்கூடிய மூன்று டிரான்சிஸ்டர்களை வாங்கி, போலிகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே ஈயப் பொட்டில் பற்ற வைத்தார். அவற்றுக்கும் அங்கே வேலை இல்லை. புதுச் சீட்டில் தன் கோணல் கையால் 'எட்டு' என்று எழுதி ஒட்டினார். எண்ணிக்கைப்படி அதில் பொய் எதுவும் இல்லை. அவர் ஆயுளில் சொன்ன ஒரே பொய்யும் அதுதான்.

சம்பூர்ணம் அதை ஓரிக்கைக்கு எடுத்துப்போனாள். லோகாம்பாள் காதைச் சாய்த்துக் கேட்டு, இப்போதுதான் சத்தம் கணீரென்று இருக்கிறது என்று திருப்திப்பட்டு, மருமகளைத் துணி எடுத்து வைக்கச் சொன்னாள். தேவகி காலணாவை விட்டுத் திருகி மூடியைக் கழற்றினாள். சீட்டைப் படித்தாள். மூன்றின் கால்களையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுபடி மூடினாள்.

"நான் வரல்லம்மா," என்றாள். "அன்னிக்கி வாயால சொல்லியிருந்தா போதும். இப்ப மட்டும் எப்படி முடிஞ்சுது அவருக்கு?"

குழந்தை ஓரிக்கையில் பிறந்தது. பெண்.

அதன் பிறகும் காசிநாதன் கடை பல வருஷம் நடந்தது. பெட்டியை எதிரில் வைத்துத்தான் திறப்பார். எண்ணுவது மட்டும் நின்றுபோயிற்று. உள்ளே எத்தனை இருக்குது அண்ணே என்று பழக்கத்தில் யாராவது கேட்டால், மூடியை வைத்து அழுத்தித் திருகிக்கொண்டே சொல்வார்:

"பாடுதில்ல? எடுத்துக்கினு போ."