புவனேஸ்வரியின் காந்தச் சுழி

கீரனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் புவனேஸ்வரிக்கு உடனே கண் சொக்கிவிடும். அவள் திருச்சியில் ஆராய்ச்சி மாணவி. சில அணுக்களின் கனமே உள்ள கோபால்ட் படலத்தில், நுண்ணிய காந்த முட்கள் வட்டமாகத் திரும்பி நிற்கும் ஒரு சுழிதான் எட்டு மாதமாக அவள் உலகம். கம்ப்யூட்டரில் பார்த்த அந்தச் சுழி, அரைத்தூக்கத்தில் வயல்வெளிமேல் மெல்ல நகர்ந்து வரும்.

சுழி சுருங்கிச் சாக வேண்டுமானால் ஓர் ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். மேடு உயர உயர ஆயுள் கூடும். அவள் கணக்கில் மேடு நார்த்தாமலை மாதிரி நின்றது. பத்து வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் செய்த படலத்தில் ஒரு சுழியும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கருவியில்தான் கோளாறு என்று எல்லோரிடமும் சண்டை பிடித்தாள்.

அன்று அவள் கண் விழித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கு வருவதற்குள் அவள் ஸ்டாப் தாண்டிவிட்டது.

"நடு சீட்டுல உக்காந்தா எறங்குறதுக்கு மலை ஏறணும்மா," என்று கண்டக்டர் சிரித்தார். "படியில நிக்கிறவங்களப் பாருங்க, பிரேக் போட்டாலே எறங்கிருவாங்க."

அடுத்த ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடக்கையில் சுழி மறுபடி கண்முன் மிதந்தது. இம்முறை அது நடுவில் நிற்கவில்லை. மெல்லப் படலத்தின் ஓரத்துக்கு வந்து, விளிம்பைத் தொட்டு, காணாமல் போனது.

வீட்டுக்குப் போனதும் சுழியை ஓரத்தில் வைத்துக் கணக்கிட்டாள். அங்கே மேடு ஒரு வரப்பு உயரம்கூட இல்லை.

எட்டு மாதமும் அது எப்படிச் சாகும் என்றே பார்த்திருந்தாள். நழுவிப் போய்விடும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.