சீப்புக்கு அடங்காத சுழி

அந்தப் பச்சைச் சீப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சோற்றில் கைவைக்கத் தோன்றாது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார் எங்கள் கணிதத் துறைத்தலைவர். பல்லிடுக்குகளில் எண்ணெயும் பொடுகும் சேர்ந்து கறுத்துக் கெட்டிப்பட்டிருக்கும். முதல் மணி அடிப்பதற்கு முன்பு ஆசிரியர் அறைக்குள் வந்து, என் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாருவார். வாரி முடித்ததும் சீப்பை நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, வந்ததை ஃபூ என்று ஊதுவார். அது விழுவது என் ஆய்வுத் தாள்கள் மேல். சில நாள் திறந்து வைத்த நாஷ்டா டப்பாவின் மேல். அப்போதெல்லாம் இட்லியை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

அவர் உச்சந்தலையில் ஒரு சுழி இருந்தது. எல்லார் தலையிலும் இருப்பதுதான், ஆனால் அவருடையது முரட்டுச் சுழி. சாயம் பூசி, எண்ணெய் தடவி, எவ்வளவு அழுத்தி வாரினாலும் அந்த இடத்தில் மட்டும் நாலு முடி நட்டுக்கொண்டு நிற்கும். "சனியன், படியவே மாட்டேங்குது" என்று கண்ணாடியிடம் புலம்புவார். அவர் கண்ணாடியைப் பார்த்து நிற்க, அவருடைய பின்மண்டையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் அங்கிருந்துதான் வந்தது. வழிகாட்டி என்ற முறையில் அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அந்தத் தலையைக் காட்டியதுதான்.

நான் பிறந்தது ஆர்.கே.பேட்டை. கல்யாணமாகி வந்தது மணவாள நகருக்கு. வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் அவர் வடக்கே போவார், காலேஜ் பஸ்ஸில் நான் மேற்கே போவேன். உதவிப் பேராசிரியராகவே காலம் தள்ள முடியாது, பெயருக்கு முன்னால் முனைவர் என்று வந்தால்தான் மதிப்பு என்று பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தேன். எங்கள் துறையில் வழிகாட்டியாக இருக்கும் தகுதி துறைத்தலைவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது.

என் ஆய்வு என்ன என்று கேட்பவர்களுக்கு வீட்டுக்காரரின் தகட்டை வைத்துத்தான் சொல்வேன். ஒரு தகட்டை அழுத்தினால் அதன் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் நீளும். அதை நான்கு எண்கள் கொண்ட ஒரு சிறு கட்டமாக எழுதலாம். பள்ளியில் அணி என்று படித்தோமே, அதுதான். அந்த அணிக்கு நேர்மாறு இருந்தால், செய்ததைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நேர்மாறு இல்லையென்றால், கணக்குப்படி அந்த இடத்தில் தகடு நசுங்கி நூலாகிவிட்டது என்று பொருள். புள்ளிக்குப் புள்ளி இந்த அணிகள் சீராக மாறுவதில்லை. கரடுமுரடாக, திடீர் திடீரென்று மாறும். அப்படிப்பட்டவற்றைச் சோபலெவ் வகைச் சார்புகள் என்பார்கள். கேள்வி இதுதான்: கரடுமுரடான அந்தச் சார்புக்கு மிக நெருக்கமாக, வழவழப்பான ஒன்றைச் செய்ய முடியுமா, ஓரிடத்தில்கூட நேர்மாறை இழக்காமல்?

வழவழப்பாக்குவதற்குப் பழகிய வழி சராசரி எடுப்பது. ஒவ்வொரு புள்ளியிலும் அக்கம்பக்கத்து அணிகளைச் சேர்த்துச் சராசரியை வைத்துவிடுவது. துறைத்தலைவரும் அதைத்தான் சொன்னார். "பாசிட்டிவ் நம்பருங்கள ஆவரேஜ் பண்ணா பாசிட்டிவ்தானம்மா வரும்? அதே மாதிரிதான் இதுவும். ரெண்டு பக்கத்துல முடிச்சிடு." எண்களுக்கு அது சரி. அணிகளுக்குச் சரியில்லை. அலகு அணியை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் எதிர்மறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எதையும் மாற்றாது, மற்றது அரைச்சுற்று திருப்பும். இரண்டுக்கும் நேர்மாறு உண்டு. இரண்டின் சராசரியோ நான்கு பூச்சியம், அதற்கு நேர்மாறு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்த்துவிடும்.

கரடு ஓரளவுக்குள் இருந்தால் கவலையில்லை. பக்கத்துப் பக்கத்து அணிகள் அதிகம் முறுக்கிக்கொள்ளாது, சராசரியும் பிழைத்துக்கொள்ளும். அதை நிறுவியிருந்தேன். கரடு அந்த எல்லையைத் தாண்டினால் உள்ளே ஒரு சுழி புகுந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். துறைத்தலைவரின் உச்சந்தலையைப் போல, நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் முடியின் திசையும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அந்தச் சுற்றை வைத்துக்கொண்டு நடுப்புள்ளி வரைக்கும் வழவழப்பாக வாரவே முடியாது. வாரியே ஆகவேண்டுமென்றால் எங்காவது ஓரிடத்தில் முடியே இருக்கக்கூடாது. அணிக்கணக்கில் அதுதான் நேர்மாறு தொலைந்த இடம். சராசரிதான் என்றில்லை, எந்த வித்தை செய்தாலும் நடக்காது. ஆகவே அவர் சொன்ன தேற்றம் எல்லா நிலைக்கும் பொருந்தாது, ஒரு நிபந்தனை போட்டே தீரவேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மாவிடம் தலையைத் திருப்பச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட இருந்தது.

மறுநாள் அவர் என் தாள்களை வாங்கிப் பார்த்தார். அலகு அணி உதாரணத்தில் பேனா நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன், சந்தேகமே இல்லை. புரியாத ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. புரிந்தவர் சிரித்தார், சீப்பை எடுத்தார், வாரிக்கொண்டே பேசினார்.

"இது ஸ்பெஷல் கேஸும்மா. ஆடிட்டுக்கு ஆளுங்க வரப்போறாங்க. நிபந்தனை போட்ட தேற்றம்னா பாதி வேலைன்னுவாங்க. அத்த எடுத்துடு, ரெண்டாவது சாப்டரையும் எடுத்துடு. இந்த வாரமே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி சார் எழுதறது?"

"யாரும்மா பார்க்கப் போறாங்க? காப்பி அடிச்சிருக்கான்னு மிஷின் பார்க்கும். தப்பு கிப்புன்னு அதுக்குத் தெரியுமா?"

பிறகு சீப்பை இழுத்து ஊதினார். என் சுழியின் படத்தின் மேல் இரண்டு முடியும் கொஞ்சம் பொடுகும் விழுந்தன. அதுவரை அழுக்கைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் அந்த ஆளைப் பார்த்து முகம் சுளித்தேன்.

அவர் எதையும் அப்படித்தான் தீர்ப்பார். ஒருமுறை அலுவலகத்தில் டைப் செய்யும் பெண், ஒரு விரிவுரையாளர் கையைப் பிடித்து இழுத்தார் என்று அழுதுகொண்டே வந்து சொன்னாள். இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு டீ வரவழைத்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் எதற்காகக் கேட்கவேண்டும்? "ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வரணும் நைனா" என்று அந்த விரிவுரையாளரின் தோளைத் தட்டினார். பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண் பிறகு வேலைக்கு வரவில்லை.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். கேட்டில் போர்டு மாட்ட இடம் பார்த்து வைத்திருந்த மனிதர் அவர். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அதற்குள் டாக்டர் ஊடு என்று பெருமை அடித்தாகிவிட்டது.

"இன்னா பேஜாரு இது? அந்தாளு சொல்றத எடுத்துட்டு குடுத்துட்டு வாயேன். இத்தினி வருசம் பஸ்ஸுல இடிபட்டுக்கினு போனது எதுக்கு?"

"எடுத்துட்டா அப்புறம் நான் எழுதினது எது?"

"எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்? உன் பேரு முன்னால டாக்டர்னு வரணும், அவ்ளோதான்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அந்த போர்டு வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பொய் என்று தெரிந்த ஒரு வரிக்குக் கீழே என் பெயரை நினைத்துப் பார்த்தால், அந்தச் சீப்பை எடுத்து என் தலையை நானே வாரிக்கொள்வதுபோல் இருந்தது. அத்தியாயத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். துறைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு வழிகாட்டிக்கு மாறிக்கொள்ளவும் ஒப்புதல் தரவில்லை. என் பதிவு காலாவதியானது.

நிபந்தனை இல்லாத அந்தத் தேற்றம், எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு ஜூனியர் பெண்ணின் ஆய்வேட்டில் வந்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன். அவர் கொடுத்தார், அவள் தட்டச்சு செய்தாள். பட்டம் கிடைத்த அன்று மைசூர்பாகு கொடுத்தாள். மேசை மேசையாக அவரே டப்பாவை ஏந்திக்கொண்டு வந்தார், சீப்பைத் தொட்ட அதே விரல்களால் எடுத்து என் கையில் ஒன்று வைத்தார். குழாயடிக்குப் போய் அதைப் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் கை கழுவினேன். அந்த ஆய்வேடு இன்றும் இணையத்தில் கிடக்கிறது. என் இரண்டாம் அத்தியாயம் எங்கும் வெளிவரவில்லை. ஆனால் அது சரி.

சென்ற மாதம் கல்லூரி ஆண்டுவிழா. ஓய்வுபெற்ற துறைத்தலைவர்தான் சிறப்பு விருந்தினர். மேடையில் ஒவ்வொருவரையும் முனைவர், முனைவர் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவர்கள், என் முறை வந்ததும் திருமதி என்றார்கள். பொன்னாடை போர்த்தும் வேலை எனக்கு. சால்வையோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பின்மண்டை என் கண்ணுக்கு நேரே.

நட்டுக்கொண்டு நின்ற நாலு முடியும் இல்லை. சுழி இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அதைச் சுற்றி மிச்ச முடி எல்லாம் ஒழுங்காகப் படிந்திருந்தது. கடைசியில் நன்றாக வாரிவிட்டார். நடுவில் ஒன்றும் இல்லாமல் போனதால் வார முடிந்தது.

சால்வையைப் போர்த்தினேன். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்த முதல்வருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இந்தம்மாவும் நம்ம ஸ்டூடண்ட்தான் சார். ஒரு பாயிண்டப் புடிச்சிக்கினு அடம் புடிச்சாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா அன்னிக்கே டாக்டர். இன்னாம்மா, இன்னும் அந்தப் பாயிண்டுலயே நிக்கிறியா?"

"பாயிண்டு அங்கயேதான் இருக்குது சார்" என்றேன். "முடிதான் போயிடிச்சு."

முதல்வருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மரியாதைக்குச் சிரித்துவைத்தார். துறைத்தலைவருக்கு விளங்கியது. அன்று அலகு அணியைப் பார்த்தபோது வந்த அதே முகம். அவர் கை சால்வைக்கு அடியில் சட்டைப் பையைத் தேடிப் போனது. சீப்பு அங்கேதான் இருந்தது, அதே பச்சை. எடுத்து உச்சியிலிருந்து கீழே ஒருமுறை வாரினார். நகத்தால் இழுத்து, பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி ஃபூ என்று ஊதினார். எதுவும் விழவில்லை. இருந்தாலும் நான் முந்தானையை ஒருமுறை உதறிக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்கினேன்.