சொல்லாமல் விட்ட வசனம்

டிவி சீரியலில் பிள்ளை செத்த வீட்டைக் காட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். தாய் அழுவாள், தலை கலையாது. புடவை மடிப்பு அப்படியே இருக்கும். அவள் முகத்தை ஒரு தடவை, மாமியார் முகத்தை ஒரு தடவை, திரும்பவும் அவள் முகத்தை ஒரு தடவை காட்டி, இடி இடிக்கிற மாதிரி சத்தம் போடுவார்கள். உடனே சோப்பு விளம்பரம் வரும். எந்த எழவு வீட்டில் இடைவேளை விடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு நான் சேனலை மாற்றுவேன். என் வீட்டுக்காரர் எதை வைத்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பையன் போன அன்று நான் அழவில்லை. இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்கிற கம்பெனிக்குப் போன் வந்தது. கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் கூட்டம். நான் நேராக வீட்டுக்குப் பின்னால் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவன் யூனிபார்மை எடுத்து மடித்தேன். மழை வரும்போல் இருந்தது. "அவன் சாப்ட்டானா?" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். அவள்தான் அலறினாள்.

ஏரியில் மண் எடுத்த பள்ளம். எங்கள் பக்கத்தில் கம்பெனி கட்டுகிற இடத்தையெல்லாம் மேடாக்க ஏரி மண்ணைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மழை பெய்தால் பள்ளம் நிரம்பிவிடும். எங்கே முட்டி ஆழம், எங்கே ஆள் ஆழம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? அன்று பள்ளிக்கூடம் லீவு. என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். அவர் கண் விழித்தபோது பையன் பக்கத்தில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். இதை அவரும் நானும் ஒரு நாளும் பேசியதில்லை.

சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் ஊரில் மேளம் வைக்க மாட்டார்கள். பாடை கட்டுவதில்லை. தெருவில் பூ இறைப்பதில்லை. பதினாறாம் நாள் காரியமும் கிடையாது. அப்பன் கையில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வர வேண்டும். இவர்தான் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து குழாயடியில் தலை முழுகி, ஈர லுங்கியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெரியவர்கள் செத்தால் அழுவதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மேளம் அடிக்கும், பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், கல் மாதிரி நிற்கிறவளையும் இழுத்து உட்காரவைத்து அழவைத்துவிடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அப்படி ஒன்றும் செய்துவைக்கவில்லை. யார் போட்ட சட்டமோ, எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பேரை யாரும் எடுக்கவில்லை. "சோறு வெச்சியா", "கேஸ் வந்துச்சா" என்பதோடு இவர் பேச்சு முடிந்துவிடும். அவர் வாயால் அந்தப் பேரை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்காமலே இரண்டு பேரும் கிழடு தட்டிப்போவோமோ என்று பயமாகவும் இருந்தது.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். சட்டையில் பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுத்து, கடைசி நாள் குடும்பத்தோடு வரச்சொல்லி நாடகம் போடுவார்கள். எப்போதும் ஒரே கதை. ஒருத்தன் ஹெல்மெட் போடாமல் வேலைக்குப் போவான். மேலேயிருந்து ஏதாவது விழும். செத்துப்போவான். மேளம் அடிக்கும், குடும்பம் அழும். பிறகு செத்தவனே எழுந்து வந்து, "வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று சொல்வான். எல்லோரும் கைதட்டிவிட்டு பிரியாணி சாப்பிடப் போவோம்.

பையன் போன மறு வருஷம் அம்மா வேஷம் போடுகிறவள் பிரசவ லீவில் போய்விட்டாள். சேப்டி ஆபீசர் எங்கள் பேக்கிங் லைனுக்கு வந்து, யாராவது நடிக்க வாங்கம்மா என்றார். ஊருக்குப் புதிது, என் கதை அவருக்குத் தெரியாது. நான் வருகிறேன் என்றேன்.

"உனக்கு வாணாங்க்கா. இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேல?" என்றாள் என் பக்கத்தில் நிற்கிறவள்.

"மேளம் வெப்பாங்கல்ல," என்றேன்.

அப்பாவாக நடித்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பிணமாக நடித்தவன் மோல்டிங் ஆப்பரேட்டர், ஆந்திரா பார்டரில் வீடு, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான். ஒத்திகையில் அவன் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டப் போனார்கள். கேன்டீனில் சமைக்கிற அம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். "உசுரோட கீறவனுக்கு கால்கட்டு போடுறீங்களே, நல்லா கீதா இது?" என்று சத்தம் போட்டு, அவன் சட்டைப் பாக்கெட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிட்டுப் போனாள். அதிலிருந்து பாக்கெட்டில் எலுமிச்சம்பழத்தோடுதான் தினமும் செத்தான். ஒத்திகை முடிந்ததும் எழுந்து, பேன்டைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ கேட்பான். ஒவ்வொரு தடவை அவன் எழும்போதும் எனக்குக் கோபம் வரும். அவன் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, சேதி கேட்டதும் மார்ல அடிச்சுக்கிட்டு அழணும். கடைசி வரிசைக்குக் கேக்கணும்," என்றார் ஆபீசர்.

"அப்பிடி அழ மாட்டாங்க சார். கையில கெடைக்கிற துணிய மடிச்சிக்கினு இருப்பாங்க."

"துணி மடிச்சா பாக்குறவங்களுக்குப் புரியாதும்மா," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பறிகொடுக்காதவனுக்குச் சத்தம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

நாடகத்தில் எனக்கு ஒரு வசனம் இருந்தது. பையன் ஹெல்மெட் போடாமல் கிளம்புவதை அப்பா பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நான் அவர் பக்கம் திரும்பி, "பெத்த அப்பன் நீ பக்கத்துல இருந்தும் பாத்துக்காம உட்டுட்டியே" என்று கேட்க வேண்டும். முதலில் எனக்கு நாக்கே புரளவில்லை. வீட்டில் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு சொல்லிப் பழகினேன். பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லச் சொல்ல அந்த வசனம் எனக்கு நன்றாகவே வந்தது.

குடும்பத்தோடு வரச்சொன்னால் இவர் எந்த வருஷமும் வந்ததில்லை. இந்தத் தடவை நான் கூப்பிடாமலே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார். முன் வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் மேளம் ஆரம்பித்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. மார்பில் அடித்துக்கொண்டேன். தரையில் புரண்டேன். கடைசி வரிசைக்கு என்ன, கேட்டுக்கு வெளியே நின்ற லாரிக்காரனுக்கும் கேட்டிருக்கும். என் பிள்ளைக்கு அழாத அழுகையை, மாலை போட்டுப் படுத்திருந்த எவனோ ஒருத்தனுக்கு அழுதேன். சேப்டி ஆபீசர் ஓரத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

என் வசனம் வந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினேன். அவருக்கு நேர் பின்னால் கீழே என் வீட்டுக்காரர். இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க டயலாக்," என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் முணுமுணுத்தார். நான் பிணத்தின் கால் பக்கம் விலகியிருந்த துணியை எடுத்து ஒழுங்காக மடித்துவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட்காரர் தன் வசனத்துக்குத் தாவினார். செத்தவன் எழுந்தான். கைதட்டினார்கள்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம், அவர் பக்கத்தில். பிரியாணி தின்ற களைப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த டயலாக்க உட்டுட்டியே," என்றார்.

"மறந்து பூட்டேன்யா."

"மறக்கல. தெனம் அடுப்பாண்ட சொல்லிக்கினு இருந்த. நீ அத்த எல்லாரு முன்னாடியும் சொல்லுவன்னுதான் வந்தேன்மே. என்னிய ஒருத்தராவது கேக்கணும்ல."

பஸ் ஏரிக்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அது தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"தூங்கிட்டியேயா."

"ஆமா," என்றார். அப்புறம் பையன் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் வலது கையை மடியில் நீட்டி வைத்து அதையே பார்த்தார்.

"இந்தக் கை மேலதான் தல வெச்சிப் படுத்துக்கினு இருந்தான். மரத்துப்போச்சின்னு நான்தான் கைய எடுத்துட்டேன்."